ஆப்பரேசன் லொறியில் பூரணி

1

இந்தக் கதை ஒரு பகல் சாப்பாட்டுப் பார்சலில் பிறந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் (1986, பங்குனி) ஹட்டனில் மாதர் சங்கம் ஒன்று கூட்டம் போட்டது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் கதை எழுதுகிறவள் என்பதற்காக இல்லை. அவர்களுடைய அழைப்பிதழ், அறிக்கை எல்லாம் என் தட்டச்சு வகுப்பில்தான் அடிக்கப்படுகின்றன. அடித்துக் கொடுத்தவளுக்கு ஒரு வேளை சோறு போட வேண்டாமா என்று யாருக்கோ தோன்றியிருக்கும்.

கொழும்பிலிருந்து வந்த அம்மையார் மேடையேறினார். பிள்ளையில்லாத தோட்டத்துப் பெண்களிடம் சிகிச்சை பற்றிய விழிப்புணர்வு மிகமிகக் குறைவு என்றார். சபை கை தட்டியது. குறைவாக இருப்பதற்கு எதற்குக் கை தட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிறகு பார்சல் பிரித்தோம். சங்கத்துச் செயலாளர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எங்கள் மலருக்கு ஒரு விழிப்புணர்வுக் கதை எழுதித் தாருங்கள், கடைசியில் தொட்டில் ஆடுவதுபோல முடித்தால் நன்றாக இருக்கும் என்றார். வாயில் கோழிக்கால் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

2

முதல் தொடக்கம்:

"பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற மலைச்சரிவில், பனி மெல்ல..."

வேண்டாம். கூடையைச் சுமந்துகொண்டு அந்தச் சரிவில் ஏறிய எவளும் அதைக் கம்பளம் என்று சொன்னதில்லை. அது ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்களுக்குத் தெரிகிற கம்பளம்.

இரண்டாம் தொடக்கம்:

"வெறும் தொட்டிலைப் பார்த்துப் பூரணி கண்ணீர்..."

இதுவும் வேண்டாம். லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறையில், மூன்று பேர் காலை நீட்டிப் படுக்கவே இடமில்லை. பிள்ளையில்லாத வீட்டில் வெறும் தொட்டிலை எங்கே கட்டி வைப்பார்கள்? செயலாளருக்குத் தொட்டில் மேல் அப்படி ஓர் ஆசை.

மூன்றாம் தொடக்கம்:

"பூரணி கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி."

இது நிற்கும். ஏன் கெட்டிக்காரி என்று சொல்கிறேன். கைப்பிள்ளைக்காரிகள் வேலைக்கு நடுவில் பறிக்கிற நிரையை விட்டுவிட்டுப் பிள்ளைமடுவத்துக்கு ஓடுவார்கள். வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அதுதான். பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவார்கள். அதற்குத் தோட்டத்தில் அனுமதி உண்டு. பூரணிக்கு ஓடுவதற்கு இடமில்லை. அவள் கை நிற்காமல் பறித்துக்கொண்டே இருக்கும். அதனால் நிறுவையில் அவள் கூடைதான் முதலாவது. கங்காணி மற்றவர்களிடம், பூரணியைப் பார்த்துப் படிங்கடி என்பார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், அவளுக்கென்ன, பிள்ளையா குட்டியா என்று இவர்கள் முணுமுணுப்பார்கள். இரண்டு பேச்சும் அவள் காதில் ஒன்றாகத்தான் விழும்.

3

பூரணி உண்மையான ஆள். என் பெரியம்மா மகள் டோரீன் அந்தத் தோட்டத்தில் மருத்துவச்சியாக இருந்தவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொன்னது. அவளுக்குத் தெரியாத இடங்களை நான் இட்டு நிரப்பியிருக்கிறேன். தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். வட்டவளைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருசத்தில், 75இல், பூரணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழகுமுத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து உருட்டும் இயந்திரத்தில் வேலை. மாமியார் வேலாயியும் அதே காம்பராவில். ஏழு வருசம் ஓடியது. பிள்ளை இல்லை.

அந்த ஏழு வருசத்தில் பூரணிக்குச் செய்யாத வைத்தியம் இல்லை. இடுப்பில் கயிறு கட்டினார்கள். வெறும் வயிற்றில் வேர் அரைத்துக் குடிக்க வைத்தார்கள். காமன் கூத்தில் ரதி வேசக்காரன் கையால் முந்தானையில் எலுமிச்சம்பழம் வாங்க வைத்தார்கள். மாரியம்மனுக்கு மண்சோறு தின்றாள். டோரீன் பேச்சைக் கேட்டு அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தியும் கொளுத்தினாள். எல்லாம் அவள் ஒருத்தியின் உடம்புக்கு. அழகுமுத்துவின் இடுப்பில் யாரும் ஒரு நூல்கூடக் கட்டவில்லை.

(அழகுமுத்துவைக் கெட்டவனாக்கிவிட மூன்று தடவை முயன்றேன். குடிகாரனாக்கிப் பார்த்தேன், பொருந்தவில்லை. அடிக்க வைத்தேன், டோரீன் சண்டைக்கு வந்துவிட்டாள். அவன் நல்லவனாம். வேர்ச்சாறு குடித்துப் பூரணி வாந்தி எடுக்கும்போதெல்லாம் தலையைப் பிடித்துவிடுவானாம், கொப்பளிக்கத் தண்ணீர் கொண்டுவருவானாம். சரி, நல்லவன் என்றே எழுதுகிறேன். ஆனால் கொடு, ஒரு நாள் நானும் குடித்துப் பார்க்கிறேன் என்று அந்த நல்லவன் ஏழு வருசத்தில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.)

விழிப்புணர்வு இல்லை என்றாரே கொழும்பு அம்மையார், அவருக்கு ஒரு தகவல். 78ஆம் வருசம் சீமையில் ஒரு பிள்ளையைக் கருப்பைக்கு வெளியே உருவாக்கிப் பெற்றெடுத்தார்கள் என்று ரேடியோவில் செய்தி வந்தது. லயமே சிரித்தது. வெள்ளைக்காரனுக்கு வேறு வேலை இல்லை என்றாள் வேலாயி. பூரணி சிரிக்கவில்லை. இரண்டொரு நாள் கழித்து டோரீனைத் தனியாகப் பிடித்து ஒரு கேள்வி கேட்டாள்.

"மிஸ்ஸி, அந்தம்மாவை டாக்டருங்க பாத்தாங்களே, அவுங்க புருசனையும் பாத்திருப்பாங்களா?"

அந்த மண்டபத்தில் கை தட்டியவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்கும்?

4

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வியாகுலம் என்பவர் மருந்துக்காரர். டாக்டருக்குப் படித்தவர் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவர் டாக்டரய்யா. டவுன் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் அவர் துண்டுச் சீட்டு எழுதித் தர வேண்டும். பூரணி போய்க் கேட்டாள். பிள்ளை இல்லாதது நோய் இல்லையே பூரணி, அதுக்கு எப்படித் துண்டு எழுதுறது என்று அவர் அன்பாகத்தான் சொன்னார். கடவுளிடம் கேள் என்றும் சொன்னார். அவள் ஏற்கனவே இரண்டு மதத்துக் கடவுளிடமும் கேட்டுவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது.*

* இந்த இடத்தில் ஓர் அடிக்குறிப்பு வேண்டும். அந்த வருசங்களில் ஆப்பரேசன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் ஒன்றுதான், கருத்தடை. மற்ற நேரத்தில் பிரசவ வலி வந்தவளுக்குக்கூடக் கிடைக்காத தோட்டத்து லொறி, ஆப்பரேசனுக்கு என்றால் விடியும்போதே லயத்து வாசலில் நிற்கும். சம்பளத்தோடு லீவு. துரை வந்து நலம் விசாரிப்பார். பிள்ளை பெறாமல் இருக்க வைக்க அரசாங்கம் இவ்வளவு பாடுபட்டது. பிள்ளை வேண்டும் என்று ஒருத்தி கேட்டால், அது நோய் இல்லை. கொழும்பு அம்மையாரின் அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன், இந்த லொறி அதில் எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

5

பூரணி அந்த லொறியில் ஏறிவிட்டாள்.

"ஒன்றும் அறியாத பேதையான பூரணி, அந்த லொறி எங்கே போகிறது என்பதைக்கூட..."

கோடு போட்டு அடித்துவிட்டேன். இது டோரீனின் பாட்டு. எனக்கும் அவளுக்கும் இதில் பெரிய சண்டை.

"பாவம் பெற்றீசியா, அவ படிக்காத பொண்ணு. பொம்பளைங்க வயித்து விசயமா டாக்டருகிட்டப் போகுதுன்னு நெனச்சு ஏறிட்டா" என்று என் பெயரைச் சொல்லி இழுத்தாள் டோரீன்.

"தெரியாம ஏறுனவ, வாசல்ல நிக்கிற லொறிய விட்டுட்டு எதுக்கு அக்கா கீழ் டிவிசன் வரைக்கும் எறங்கிப் போனா?"

டோரீன் தேத்தண்ணியைக் குடிக்க ஆரம்பித்தாள். லயத்து வாசலில் லொறிக்குப் பக்கத்தில் பெயர் பார்த்து ஏற்றுகிறவள் டோரீனேதான். பூரணிக்குப் பிள்ளை இல்லை என்று அவளுக்குத் தெரியும், விட மாட்டாள். தோட்டத்தின் கீழ்ப் பிரிவான அந்த டிவிசனில் ஏற்றுகிறது வேறு ஆள். கையில் இரண்டு பிள்ளை என்று சொன்னால் போதும், ஏற்றிவிடுவார். லொறி நிறைய வேண்டும், அது ஒன்றுதான் அவர் கவலை. நோய் உள்ளவளுக்குத்தான் துண்டு, பிள்ளை உள்ளவளுக்குத்தான் லொறி. இரண்டும் இல்லாதவள் பொய் சொல்லித்தான் டாக்டரைப் பார்க்க முடியும் என்று பூரணி கணக்குப் போட்டுவிட்டாள். படிக்காத பொண்ணாம்!

இதுவரை அடித்ததைச் செயலாளர் வந்து படித்தார். பூரணி தெரியாமலே ஏறியிருக்கட்டுமே, அப்பாவியாக இருந்தால்தானே வாசகர்களுக்கு இரக்கம் வரும் என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. இவர்களுக்குத் தூங்குகிற பெண்கள் வேண்டும். இல்லாவிட்டால் யாரை விழிக்க வைப்பது?

6

டவுன் ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சிங்கள லேடி டாக்டர். இவரைத் தேவதையாக எழுதிப் பார்த்தேன், பிறகு பேயாக எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொய்யாக இருந்தன. அவர் களைத்துப்போன ஒரு மனுசி. காலையிலிருந்து வரிசையாக வயிறு பார்த்தவர். இன்னும் தேத்தண்ணி குடிக்கவில்லை.

எத்தனை பிள்ளை என்று கேட்டார். தமிழில் மாற்றிச் சொல்ல ஓர் ஆயாம்மா நின்றாள்.

"பிள்ளை இல்லீங்க" என்றாள் பூரணி.

செத்துப்போனதா என்று ஆயாம்மா கேட்டாள்.

"பொறக்கவே இல்லீங்க. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

ஆயாம்மா அதை மாற்றிச் சொல்ல மறந்துவிட்டுத் தன் பங்குக்குத் திட்ட ஆரம்பித்தாள். பொய் சொல்லி லொறியில் ஏறியிருக்கிறாய், உன்னால் எத்தனை பேருக்குத் தாமதம் என்று ஒரே கத்தல். பூரணி சொன்னது என்ன என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் பூரணி தனக்குத் தெரிந்த கடைவீதிச் சிங்களத்தில் தானே சொன்னாள். டாக்டர் அவளைக் கட்டிலில் ஏறிப் படுக்கச் சொன்னார்.

பார்த்து முடித்துக் கை கழுவிக்கொண்டே அவர் சொன்னதை, பூரணி பிறகு டோரீனிடம் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள். நான் அதைத் தமிழில் எழுதுகிறேன்.

"நான் பாத்த வரைக்கும் உங்ககிட்டக் கோளாறு ஒண்ணும் தெரியல. இன்னும் பாக்க வேண்டியது இருக்கு. அதுக்கு முன்னால உங்க புருசனைக் கூட்டிட்டு வாங்க. அவரைப் பாக்குறது லேசு."

அந்த டாக்டருக்கு எங்கள் ஆண்களைத் தெரியாது. மருத்துவப் படிப்பில் லேசாக இருப்பது லயத்தில் எவ்வளவு பாரம் என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

7

லொறி திரும்பி வந்தது. மற்றப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கினார்கள். அவர்களைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டவள் பூரணி. லயம் முழுக்கப் பார்த்தது. பூரணி ஆப்பரேசன் செய்துகொண்டாள் என்று அடுப்புக்கு அடுப்பு செய்தி போனது.

இதற்குப் பிறகு நடந்ததை நான் கற்பனையில் எழுதியிருந்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எனக்கே வெட்கமாக இருந்திருக்கும். ஆனால் டோரீன் கண்ணால் கண்டது. லயத்து மூளை இப்படி வேலை செய்தது: ஆப்பரேசன் யாருக்குச் செய்வார்கள்? பிள்ளை பெறக்கூடியவளுக்கு. பூரணிக்குச் செய்திருக்கிறார்கள். அப்படியானால் பூரணி மலடி இல்லை!

ஏழு வருசம் ஒட்டியிருந்த பெயர் அந்தி சாய்வதற்குள் உதிர்ந்துவிட்டது. வேலாயி மண்ணை வாரி இறைத்தாள், என் மகனுடைய வம்சத்தை லொறியில் ஏற்றி அழித்துவிட்டாள் என்றாள். ஆனால் மலடி என்று சொல்லவில்லை. பக்கத்துக் காம்பரா வீரம்மா, பூரணி அந்தப் பக்கம் வந்தால் தன் பிள்ளையை முந்தானையால் மூடுகிறவள், மறுநாள் காலையில் அடுப்பில் வேலை இருக்கிறது, கொஞ்சம் வைத்துக்கொள் என்று அந்தப் பிள்ளையைப் பூரணியின் மடியில் போட்டுவிட்டுப் போனாள். ஏழு வருசத்தில் முதல் தடவை. பூரணி அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாளாம்.

(இந்த மனுசர்களைத் திட்டி ஒரு பக்கம் அடித்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். நான் திட்டுவது அவர்களுக்கு உறைக்காது.)

ஆப்பரேசன் செய்யவில்லை என்று பூரணி உடனே சொல்லவில்லை. ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இதில் டோரீனுக்கு அவள் மேல் கோபம், எனக்கு இல்லை. அந்த ஒரு வாரமும் வீரம்மாவின் பிள்ளை அவள் மடியில் இருந்தது. நானாக இருந்தால் ஆயுசு முழுக்க வாயை மூடியிருப்பேன்.

8

செயலாளருக்கான முடிவு இங்கே தொடங்கலாம். பூரணி கணவனின் கையைப் பிடித்து விசயத்தைச் சொல்கிறாள். அவன் கண் கலங்கி, நாளைக்கே போவோம் என்கிறான். அடுத்த பக்கத்தில் தொட்டில், ஆண் ஒன்று பெண் ஒன்று. கேட்டால் அடித்துத் தருகிறேன், எனக்கு விரல் வலிதான்.

நடந்தது வேறு. வேலாயி அடுத்த வேலையைப் பார்த்தாள். பெரியவள் கெடுத்துக்கொண்டாள், சின்னவளைக் கொண்டுவந்து விடுவோம் என்றாள். சின்னவள் நாகலெட்சுமி, பூரணியின் தங்கை. அப்போதுதான் பெரட்டில், காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கிற இடத்தில், பெயர் கொடுத்து வேலைக்கு வரத் தொடங்கியிருந்தாள். அக்காளுக்குப் பிள்ளை இல்லையென்றால் தங்கையை இரண்டாம் தாரமாக அதே காம்பராவில் கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் தோட்டங்களில் ஒன்றும் புதிதில்லை.

இப்போது பூரணியின் இடத்தில் இருந்து பாருங்கள். வாயை மூடிக்கொண்டால் அவளுக்குப் பழைய பெயர் இல்லை, மடியில் பிள்ளை உண்டு. ஆனால் அவள் இடத்துக்குத் தங்கை வருவாள். கோளாறு அழகுமுத்துவிடம் இருந்துவிட்டால், இன்னும் இரண்டு வருசத்தில் அதே கயிறு, அதே வேர், அதே பெயர் தங்கைக்கு. வாயைத் திறந்தால் பிள்ளை மடியை விட்டுப் போகும். என்ன செய்வாள் என்று தெரியாமல் நான் மூன்று நாள் இந்த இடத்திலேயே நின்றேன். டோரீனிடம் கேட்டேன். சொன்னாள்.

9

ஞாயிற்றுக்கிழமை, தலைவர் செல்லசாமியின் வாசல். அவர் தொழிற்சங்கத் தலைவர், லயத்துச் சண்டை சச்சரவுக்கும் அவர்தான் நீதிபதி. இரண்டு குடும்பமும் வந்திருந்தது, வீரம்மாவும் வந்திருந்தாள். அவளுடைய பிள்ளை பூரணியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அழகுமுத்து ஒரு கல்லில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புருசனைக் கேட்காமல் ஆப்பரேசன் செய்தது சரியா என்று தலைவர் கேட்டார்.

"ஆப்பரேசன் செய்யலீங்க" என்றாள் பூரணி. "டாக்டரம்மாகிட்டக் காட்டத்தான் போனேன். பாத்த வரைக்கும் எங்கிட்டக் கோளாறு தெரியலைன்னாங்க. மொதல்ல அவரைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

வீரம்மா எழுந்து வந்தாள். குனிந்து தன் பிள்ளையைப் பூரணியின் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அவளைத் திட்ட எனக்கு நிறையச் சொற்கள் வந்தன. ஆனால் பூரணி அவளைத் தடுக்கவில்லை, தூங்குகிற பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடித்து அவள் கையில் கொடுத்தாளாம்.

வேலாயிக்கு மூச்சு திரும்பி வந்தது.

"எம் மவனுக்கு என்னா கொறை? ஸ்டோருல மூணு ஆளு வேலைய ஒத்தையா பாக்குறான்."

ஆண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். இயந்திரம் சுற்றினால் எல்லாம் சுற்றும் என்பது அவர்களுடைய மருத்துவ அறிவு. தலைவர் தொண்டையைச் செருமினார். டாக்டர்மார் ஆயிரம் சொல்லுவாங்க, அதெல்லாம் குடும்பத்துக்குள்ள பேசிக்கலாம், இப்ப சின்னவ விசயத்துக்கு ஒரு நல்ல நாள் பாருங்க என்று முடிக்கப் பார்த்தார். பூரணியின் அப்பாவும் சரி என்றார். பெற்றவர், அவரும் சரி என்றார்!

அப்போது கதவோரம் நின்ற நாகலெட்சுமி பேசினாள். அவளை யாரும் கேட்கவில்லை.

"மாமா மொதல்ல போயிக் காட்டிட்டு வரட்டுங்க. அக்கா ஏழு வருசம் காட்டுனா. இவரு ஒரு நாளைக்குக் காட்டட்டும். அதுக்கப்புறமா என்னையக் கேளுங்க."

10

செயலாளர் தொட்டிலுக்காகக் காத்திருக்கிறார். மலர் அச்சுக்குப் போக வேண்டுமாம்.

அழகுமுத்து போனானா, போனால் டாக்டர் என்ன கண்டுபிடித்தார் என்பதெல்லாம் டோரீனுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் அக்கா என்று தடுத்துவிட்டேன். கோளாறு யாரிடம் என்று சொல்லிவிட்டால் அதோடு உங்களுக்கு வேலை முடிந்தது. இவனிடம்தான் என்றால் இவனைத் திட்டுவீர்கள், அவளிடம்தான் என்றால் பார்த்தாயா என்பீர்கள். இருவரிடமும் ஒன்றும் இல்லை என்றால் கடவுளிடம் அனுப்பிவிட்டு மலரை மூடி வைப்பீர்கள். அவ்வளவு சுலபமாக உங்களை விட எனக்கு மனசில்லை.

அதனால் கதை அந்த வாசலிலேயே நிற்கிறது. நாகலெட்சுமி பேசி முடித்துவிட்டாள். பூரணி வெறும் மடியோடு உட்கார்ந்திருக்கிறாள். ஏழு வருசத்தில் முதல் தடவையாக எல்லோரும் அவளை விட்டுவிட்டு அழகுமுத்துவைப் பார்க்கிறார்கள். அவன் நல்லவன். கல்லை விட்டு எழுந்துவிட்டான், வாயைத் திறக்கப் போகிறான், திறந்தவன் திரும்பி வேலாயியின் முகத்தைப் பார்க்கிறான்.

அவனுக்குப் பதில் சொல்லிக் கொடுக்க நான் அவனுடைய அம்மா இல்லை. உங்களுக்கு மனசிருந்தால் நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.